வேளாண் சொத்து மதிப்பீடு

வேளாண் சொத்து மதிப்பீடு என்பது விளைநிலம், பண்ணைக் கட்டடங்கள், பண்ணைத் தொழில் ஆகியவற்றின் பணமதிப்பைக் குறிப்பிட்ட நாளின் நிலவரப்படி கணக்கிடும் முறையாகும். விற்பனை, பாகப்பிரிவினை, வங்கிக் கடன், அரசு நில எடுப்பு ஆகியவற்றுக்கு இது தேவைப்படுகிறது.

முறைகள்: அருகிலுள்ள ஒத்த நிலங்களின் கிரய விலையோடு ஒப்பிடுவது ஒப்பீட்டு முறை. தோப்பு, பால் பண்ணை, கோழிப் பண்ணை போன்றவற்றின் நிகர வருமானத்தை மூலதனமாக்குவது வருவாய் முறை. களஞ்சியம், தொழுவம், மோட்டார் அறை முதலியவற்றைப் புதிதாகக் கட்டும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பது செலவு முறை.

காரணிகள்: நன்செய், புன்செய் வகைப்பாடு, மண் தரம், பாசன ஆதாரம், கிணற்று நீர்மட்டம், வண்டிப் பாதை, சாலை அண்மை, மின் இணைப்பு ஆகியன விலையை நிர்ணயிக்கின்றன. உரிமையும் பயிர் நிலையும் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் வழி சரிபார்க்கப்படுகின்றன.

வரலாறு: சோழர் காலத்திலேயே நிலம் அளந்து தரம் பிரித்து வரி விதிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ பரப்பிய ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு புலமும் அளக்கப்பட்டு, தரத்திற்கேற்பத் தீர்வை குறிக்கப்பட்டது.

சட்ட நிலை: தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு அடிப்படையாகிறது, இது சந்தை விலையிலிருந்து வேறுபடலாம். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி, ஊரக நிலத்தின் சந்தை மதிப்பு 1 முதல் 2 வரையான காரணியால் பெருக்கப்படும். கட்டடம், மரம், நிற்கும் பயிர் ஆகியவற்றின் மதிப்பும் கூட்டப்பட்டு, அம்மொத்தத்திற்கு 100 விழுக்காடு ஆறுதல் தொகை சேர்க்கப்படும்.