இரவை முடிக்கும் பாட்டு

எச்செயலையும் பிள்ளையார் சுழி இட்டுத் தொடங்குதல் நம்மவர் மரபு. ஒலிபெருக்கி கட்டி விழா நடத்துவோரும் இம்மரபைக் கைவிட்டாரல்லர். கோயில் வீதியாயினும் கலியாண வீடாயினும், சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாடலை முதலில் ஒலிக்கவிட்டு, அதன் பின்னரே ஏனைய பாடல்களுக்கு இடங்கொடுப்பது பல ஊர்களிலும் வழக்கமாயிற்று. ஆகவே, முதற்பாட்டு எது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் கடைசிப் பாட்டு எது? இதற்குச் சுழியும் இல்லை. எழுதிவைத்த விதியும் இல்லை. இவ்வினாவுக்கு நம் முன்னோர் என்ன விடை கண்டனர் என்பதை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது யான் செய்த ஒரு பிழை. கிளிநொச்சிப் பகுதியில் டீஜே தொழில் செய்யும் என் மைத்துனர் ஒருவருக்கு, விடுமுறை நாள்களில் உதவியாளனாகச் செல்வது என் வழக்கம். ஸ்பீக்கர்ப் பெட்டிகளை லான்ட்மாஸ்ரரில் ஏற்றி இறக்குவதும் வயர் இழுப்பதும் என் வேலை. சென்ற ஆண்டு ஒரு கலியாண வீட்டில், அவர் சாப்பிடச் சென்ற வேளையில், கடைசி அரைமணி நேரத்தை என் கையில் ஒப்படைத்தார். அனுமதி முடியும் 10 மணி நெருங்கிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் ஆட்டத்தின் உச்சத்தில் நின்றனர். யானும் அவர்களுடைய கைதட்டலில் மயங்கி, இருந்தவற்றுள் மிக வேகமான பாட்டைப் போட்டு, அது முடிந்தவுடன் ஒலியை நிறுத்திவிட்டேன். பந்தல் ஊமையாயிற்று, ஆடியவர்களின் உள்ளமோ அடங்கவில்லை. “இன்னொண்டு போடு” என்ற கூச்சல் எழுந்தது. பின்னர் இரு வீட்டு இளைஞருக்கிடையே வாய்த்தர்க்கம். அதன் பின் தள்ளுமுள்ளு. அந்தக் கோபத்தோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட ஒருவர் வழியில் விழுந்து கை முறிந்தார். அதற்கு யான் போட்ட பாட்டுத்தான் காரணம் என்று சொல்ல இயலாது. காரணமன்று என்று சொல்லவும் என் மனம் துணியவில்லை.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் அவ்வீட்டு ஆச்சி ஒருவர் வந்து, “அடுப்பு நூராமல் ஆரும் படுக்கப் போறதே, தம்பி?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியின் பொருளைத் தேடிப் புறப்பட்ட எனக்குக் கிடைத்தவற்றையே ஈண்டுத் தருகின்றேன்.

முதலில் நம் மண்ணையே நோக்குவோம். வன்னி மக்கள் யாவருக்கும் தாயாக விளங்குபவள் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன். மதுரையை எரித்த சினத்தோடு ஈழம் போந்த கண்ணகி பல இடங்களில் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடமே ‘பத்தாம்பளை’ ஆகி, வற்றாப்பளை என மருவியது என்பது ஊரவர் கூறும் ஐதிகம். வைகாசிப் பொங்கலின்போது கடல் நீரில் விளக்கெரியும் அற்புதத்தைக் காண, திசையெங்கிருந்தும் மக்கள் திரள்வர். கண்ணகி வழிபாடு தழைத்த மற்றொரு நிலம் மட்டக்களப்பு. அங்கே வைகாசிச் சடங்கின் நிறைவாக அமைவது ‘குளிர்த்தி’ என்பதாகும். அம்மனின் வெம்மை தணியும்படி குளிர்த்திப் பாடலைப் பாடி, குளிர்ந்த நீரை அடியவர்மீது தெளிப்பர். சினந்த தெய்வத்தையும், பல நாள் சடங்கில் ஆவேசித்து நின்ற ஊரையும் ஒருசேர ஆற்றி வீட்டுக்கு அனுப்புவதே அதன் கருத்து. ஆச்சி கேட்ட அடுப்பை நூர்க்கும் பாட்டு இதுவன்றோ!

இனி, கூத்துக்கு வருவோம். முல்லைத்தீவுப் பகுதியில் ‘முல்லைமோடி’ என வழங்கும் தனிப்பாங்கிற் கோவலன் கூத்து ஆடப்பட்டுவந்ததைப் பெரியோர் அறிவர். அக்காலத்துக் கூத்துக்கள் இரவு தொடங்கினால் விடியும்வரை நிகழும். விடிவேளையில் அண்ணாவியார் முன்னிற்க, கூத்தர் கூடி மங்களமும் வாழியும் பாடிக் களரியை விட்டிறங்குவர். கதை எவ்வளவு துயரமானதாயினும் அத்துயரத்திலேயே சனத்தை விட்டுவிடும் வழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மூவாயிரத்துக்கு மேற்பட்ட மேடைகளில் அரிச்சந்திர மயான காண்டத்தை நடித்தார் என்பர். சுடலையில் மகனின் உடலை வைத்துக்கொண்டு சந்திரமதி அழும்போது சபையும் உடன் அழும். ஆயினும் அரிச்சந்திரன் கதை சுடலையோடு முடிவதில்லை. மகன் உயிர்பெற்று எழ, இழந்ததெல்லாம் மீளக் கிடைக்கிறது. அழுத சனத்தைச் சுடலையிலிருந்து எழுப்பி, ஊர் வழிக்குக் கொண்டுவந்து சேர்த்த பின்னரே கதை விடைபெறுகிறது.

இசை மரபும் இதனையே கூறுகின்றது. கோயில்களில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும் வேளையில் நாதஸ்வரத்தில் நீலாம்பரி போன்ற தாலாட்டு இராகங்களை இசைப்பர். வீதியுலா புறப்படும்போது மல்லாரி முழக்கிய அதே குழல், இரவின் முடிவில் குழந்தையை உறங்கவைக்கும் தாயின் குரலாக மாறிவிடுகிறது. கர்நாடக இசைக் கச்சேரிக்கு இன்றுள்ள ஒழுங்கை வகுத்தவர் எனப் போற்றப்படும் அரியக்குடி இராமாநுச ஐயங்கார் (1890–1967) காலந்தொட்டு, கனமான உருப்படிகள் முதலிலும் நடுவிலும், மெல்லிய சிறு பாடல்கள் பின்னரும் வர, இறுதியில் மங்களம் பாடுதல் நிலைபெற்ற வழக்கமாயிற்று. முடிவில் மத்தியமாவதி இராகத்தைப் பாடினால், அதுவரை நேர்ந்த பிழைகள் யாவும் நீங்கும் என்பது இசைவாணரின் நம்பிக்கை. நம் சைவ ஆலயங்களில் தேவாரம், திருவாசகம் முதலியவற்றை ஓதிய பின், கச்சியப்பர் அருளிய கந்தபுராணத்து வாழ்த்துப் பாடலோடு நிறைவு செய்வதை நாள்தோறும் கேட்கிறோம். மழை பொய்யாதிருக்கவும் உயிர்கள் குறைவின்றி வாழவும் வேண்டும் அப்பாடல், குளத்து நீரை நம்பி வயல் செய்யும் வன்னியாருக்கு எவ்வளவு பொருத்தமானது!

இது நமக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. யான் பயின்றது ஒரு மிஷன் பாடசாலை. அங்கே மாலைக் கூட்டம் கலையுமுன் அமைதியான கீதம் ஒன்று பாடப்படும். அதுவரை பின்வாங்கில் இருந்து குறும்பு செய்த மாணவரும் அந்நேரத்தில் அடங்கி நிற்பர். ஹென்றி லைற் என்னும் ஆங்கிலப் போதகர் 1847இல், தம் மரணத்துக்குச் சற்று முன் எழுதிய ‘அபைட் வித் மீ’ என்ற மாலைக் கீதம், இந்தியக் குடியரசு தின விழாவின் நிறைவாகிய படைப் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 2022ஆம் ஆண்டு நீக்கப்படும்வரை நெடுங்காலம் இசைக்கப்பட்டது. ஸ்கொத்லாந்துக் கவிஞர் பேர்ன்ஸ் 1788இல் எழுதிய பிரிவுப் பாடலின் மெட்டு, ஜப்பானியக் கடைகளில் கதவடைக்கும் நேரத்தை அறிவிக்க இன்றும் ஒலிக்கிறது. ஆரும் விரட்டாமல், மணியும் அடிக்காமல், வந்தவர் தாமே பையை எடுத்துக்கொண்டு வெளியேறுகின்றனர். பாட்டுக்கு அத்தகைய வலிமை உண்டு.

அங்ஙனமாயின், நம் காலத்தில் இவ்வழக்கம் தளர்ந்தது எதனால்? இயந்திரத்தின் வரவே இதற்குத் தலையாய காரணம் என்பது என் கருத்து. முற்காலத்தில் இரவு தானே முடிந்தது. பந்தத்தின் எண்ணெய் தீர்ந்தது; மத்தளம் அடித்தவர் கை சோர்ந்தது; பாடியவர் தொண்டை கம்மியது; கிழக்கு வெளுத்தது. 1915ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின் முன் ஒலிபெருக்கி முழங்கியது. இலங்கையில் 1925 டிசம்பர் 16இல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் இங்கிலாந்தின் றொன் டிக்கின்ஸ் என்பவர் இசைத்தட்டுச் சுழற்றும் கருவிகளை ஒரு மேசையில் அமைத்து, ஊரூராகக் கொண்டுசென்று நடன இரவுகள் நடத்தினார். 1973 ஓகஸ்ட் 11இல் நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த விருந்து டீஜே கலையில் ஒரு திருப்பமாகப் பேசப்படுகிறது. அதனை நடத்திய ஜமேக்கா இளைஞர் கூல் ஹேர்க், ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு, ஆட்டத்துக்கு உகந்த பகுதியை மட்டும் முடியவிடாது நீட்டும் முறையால் புகழ்பெற்றவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் சோர்வதில்லை, டீஜேயின் வித்தையோ பாட்டை முடியவிடாது நீட்டுவதில் வளர்ந்தது. ஆகையால், முன்பு தானே வந்த முடிவை இன்று ஒருவர் கற்றுச் செய்யவேண்டியிருக்கிறது. கற்காவிடின் சட்டம் வந்து முடித்து வைக்கும். நம் நாட்டின் உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் அளித்த தீர்ப்பொன்றில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனப் பணித்தது. விசேட வைபவங்களுக்கு மட்டும், அயலவர் கருத்தை அறிந்து வழங்கக்கூடிய விலக்கை வைத்தது. நோயாளரும் குழந்தைகளும் படிக்கும் பிள்ளைகளும் உறங்கவேண்டும் அன்றோ? சட்டம் நன்று. ஆனால் சட்டம் ஒலியை நிறுத்துமேயன்றி, உள்ளத்தை ஆற்றாது. கட்டளையால் வந்த மௌனம் எத்தகையது என்பதை யான் அந்தக் கலியாண வீட்டிற் கண்டேன்.

வன்னியிலோ இவ்விடயம் இன்னும் ஆழமானது. 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாள்களில் மிதிவண்டியின் சில்லைச் சுற்றி, டைனமோவால் வானொலி கேட்டவர்கள் நம் பெற்றோர். கால் ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்தது. 2009இல் போர் முடிந்தபோது எனக்கு ஐந்து வயது. வவுனியா செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களுக்கிடையே நடந்த ஒரு கலியாணத்தைப்பற்றி என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேளமில்லை, ஒலிபெருக்கி இல்லை. தாலி கட்டியதும் ஒரு மூதாட்டி எழுந்து வாழ்த்துப் பாடினாராம். அன்றைக்கு முதற்பாட்டும் அதுவே. கடைசிப் பாட்டும் அதுவே. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. இன்று நம் கலியாண வீடுகளில் வண்ண விளக்கும் பெரிய ஸ்பீக்கரும் வந்துவிட்டன, இது மகிழத்தக்கதே. ஆயினும் ஆடுகின்ற இளைஞரின் பின்னால், கதிரைகளில் இருப்போரைச் சற்று நோக்குங்கள். இழப்பில்லாத வீட்டிலிருந்து வந்தவர் எத்தனை பேர்? மகன் வருவான் என்று இன்னும் காத்திருக்கும் தாய்மார் எத்தனை பேர்? பைலா ஒலிக்கையில் அவர்களும் சிரித்துக் கைதட்டுவர். ஆனால் விளக்கணைந்து வீடு திரும்பும் வழியில் அவர்களோடு கூடச் செல்வது கடைசியாகக் கேட்ட பாட்டே.

எனவே, கடைசிப் பாட்டு டீஜேயின் விருப்பத்துக்கு உரியதன்று. முன்வரிசையில் ஆடுவோருக்கு மட்டும் உரியதுமன்று. அது சபை முழுவதுக்கும் உரியது. முன்னோர் வழக்கிலிருந்து மூன்று விதிகளை யான் எடுத்துக்கொண்டேன். முதலாவது, அது பேரனும் பேர்த்தியும் ஆச்சியும் ஒருங்கே அறிந்ததாயிருத்தல் வேண்டும். இரண்டாவது, அது சூட்டைத் தணிப்பதாயிருத்தல் வேண்டும். ஒரேயடியாகவன்றி, கச்சேரியிற்போலப் படிப்படியாகத் தணித்தல் வேண்டும். மூன்றாவது, துயரத்தைக் கிளறி, சனத்தைச் சுடலையிலே விட்டுவிடுவதாய் இருத்தலாகாது; வாழ்த்தி அனுப்புவதாய் இருத்தல் வேண்டும்.

“இளைஞர் கொண்டாட்டத்துக்கு மங்களம் எதற்கு?” என்று என் தோழர் சிலர் கேட்பர். ஆடவேண்டாம் என்று யான் சொல்லவில்லை. 9.30 வரை நன்றாக ஆடுங்கள். எரிந்த அடுப்பைத்தானே நூர்க்க முடியும்? பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: எம் பாட்டுக்களைப் பழிப்பதோடு நில்லாது, அண்ணாவிமாரும் மேளகாரரும் இரவை எவ்வாறு முடித்தனர் என்பதை எமக்குச் சொல்லித் தாருங்கள். சொன்னால் கேட்போம்.

இவ்வாண்டு வைகாசியில் வேறொரு கலியாண வீட்டில் மைத்துனர் மீண்டும் என்னிடம் கடைசி அரைமணியைத் தந்தார். வேகமான பாட்டுக்களை 9.35 மணியோடு நிறுத்தி, ஒரு பைலா போட்டேன்; பெரியவர்களும் எழுந்து ஆடினர். அதன்பின் பழைய திரைப்பாடல்கள் இரண்டை, ஒலியைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் போட்டேன். வந்திருந்தோரில் வேற்றுச் சமயத்தாரும் இருந்தமையால், இறுதியில் சொற்களில்லாத நாதஸ்வரத்தில் மத்தியமாவதியை ஒலிக்கவிட்டேன். இளைஞர் சிலர் முகஞ்சுளித்தது மெய். எனினும் எவரும் கூச்சலிடவில்லை. பெண்கள் உறங்கிய பிள்ளைகளைத் தோளிற் போட்டுக்கொண்டனர். ஆண்கள் செருப்பைத் தேடினர். மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக ஒழுங்கையிலிருந்து ஏறின. குழலோசை ஓய்ந்தபோது மணி 9.58. நாங்கள் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினோம்.