மூன்று பேரைத் தாண்டிப் போன நாற்காலி

குடிமையியல் பாடத்தில் "சுதந்திரமான நீதித்துறை" என்று ஒரு தலைப்பு வரும். ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு நாமெல்லாம் அதை மறந்துவிடுவோம். அந்த இரண்டு சொற்களுக்காக வழக்கறிஞர்கள் கோர்ட்டைப் புறக்கணித்ததும், நீதிபதிகள் பதவியை உதறியதும் பாடத்தில் இருக்காது. 1973 ஏப்ரலில் நடந்த அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

நம் அரசியல் சட்டத்தின் 124-வது பிரிவு, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது. தலைமை நீதிபதியாக யாரை நியமிக்க வேண்டும் என்பதற்கு அதில் தனி விதி எதுவும் இல்லை. தலைமை நீதிபதி ஓய்வு பெற்றால் அவருக்கு அடுத்த சீனியர் அந்த இடத்துக்கு வருவார் என்பது எழுதி வைத்த சட்டம் அல்ல, ஒரு வழக்கம்தான். 1951-ல் முதல் தலைமை நீதிபதி கானியா இறந்தபோது, அடுத்த சீனியரான பதஞ்சலி சாஸ்திரியைத் தாண்டி வேறொருவரைக் கொண்டுவர நேரு அரசு யோசித்தது என்றும், மற்ற நீதிபதிகள் ராஜினாமா செய்வோம் என்றதும் அந்த யோசனை கைவிடப்பட்டது என்றும் நீதிமன்ற வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சாஸ்திரி நம் சென்னை வழக்கறிஞர் மன்றத்திலிருந்து போனவர். அதற்குப் பிறகு 1964-ல் ஜாபர் இமாம் மட்டும் உடல்நலக் குறைவால் அந்த இடத்துக்கு வரவில்லை. மற்றபடி வழக்கம் மாறவில்லை.

மோதல் எப்படி முற்றியது?

1969-ல் இந்திரா காந்தி அரசு 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது. 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. 11 நீதிபதிகளில் 10 பேர் ஒரு பக்கம். அரசு பக்கம் நின்ற ஒரே நீதிபதி ஏ.என்.ராய். அதே ஆண்டு டிசம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு உத்தரவும் அடிபட்டது. அதிலும் ராய் மாறுபட்ட தீர்ப்புதான் எழுதினார்.

1971 தேர்தலில் இந்திரா 352 இடங்களோடு திரும்பி வந்தார். வறுமையை ஒழிப்போம் என்று ஓட்டு வாங்கியிருக்கிறோம், கோர்ட்டு குறுக்கே நிற்கிறது என்பது அவர் கட்சியின் வாதம். இதை வெறும் அதிகார ஆசை என்று தள்ளிவிட முடியாது. நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் சொத்துள்ளவர்கள். சொத்துரிமை என்ற பெயரில் ஏழைக்குப் போக வேண்டிய நிலம் தடைபடுகிறது என்ற கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கோபத்தோடுதான் அரசியல் சட்டத்தை மாற்றும் அதிகாரம் முழுக்க நாடாளுமன்றத்துக்கே என்று 24, 25-வது திருத்தங்கள் வந்தன.

அவற்றை எதிர்த்த வழக்குதான் கேசவானந்த பாரதி வழக்கு. காசர்கோடு பக்கத்தில் இருக்கும் எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்தது. 13 நீதிபதிகள், 68 நாள் வாதம். 1973 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு. அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது என்று 7 பேர் சொன்னார்கள். 6 பேர் வேறு விதமாகச் சொன்னார்கள். ஒரே ஓட்டு வித்தியாசம்!

தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெறும் நேரம் அது. அவருக்கு அடுத்த சீனியர்கள் ஷெலத், ஹெக்டே, குரோவர். மூவரும் அந்த 7 பேரில் இருந்தவர்கள். நான்காவது இடத்தில் இருந்த ராய், 6 பேரில் ஒருவர்.

தீர்ப்பு வந்த மறுநாள், ஏப்ரல் 25 அன்று அறிவிப்பு வந்தது. புதிய தலைமை நீதிபதி ஏ.என்.ராய். மூன்று சீனியர்களும் ராஜினாமா செய்தார்கள்.

இங்கே ஒரு வயதுக் கணக்கையும் பார்க்க வேண்டும். நீதிபதிகளுக்கு ஓய்வு வயது 65. வழக்கப்படி போயிருந்தால் ஷெலத்துக்கு 1973 ஜூலை வரை, ஹெக்டேவுக்கு 1974 ஜூன் வரை, பிறகு குரோவருக்கு 1977 பிப்ரவரி வரை என்று போயிருக்கும். ராயோ 1977 ஜனவரியில் ஓய்வு பெற வேண்டியவர். அதாவது, வழக்கம் மீறப்படாமல் இருந்திருந்தால் ராய் தலைமை நீதிபதி ஆகியே இருக்க முடியாது.

எதிர்த்தவர்கள் யார்?

உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் கண்டனத் தீர்மானம் போட்டது. பல ஊர்களில் வழக்கறிஞர்கள் ஒரு நாள் கோர்ட்டுக்குப் போகாமல் நின்றார்கள். முன்னாள் அட்டர்னி ஜெனரல்கள் செதல்வாட், தப்தாரி, முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி.ஷா, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி சாக்ளா, கேசவானந்தா வழக்கை வாதாடிய பல்கிவாலா எல்லோரும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். குல்தீப் நய்யாரும் பல்கிவாலாவும் ஆளுக்கொரு தொகுப்பு நூல் அதே ஆண்டில் கொண்டுவந்தார்கள்.

நாடாளுமன்றத்தில் அரசுக்காக வாதாடியவர் நமக்குத் தெரிந்தவர்தான். மோகன் குமாரமங்கலம். முன்னாள் முதல்வர் சுப்பராயனின் மகன், சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், பழைய கம்யூனிஸ்ட், அப்போது மத்திய எஃகுத் துறை அமைச்சர். சுற்றி வளைக்கவில்லை அவர். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய சமூகப் பார்வை என்ன என்று பார்க்க அரசுக்கு உரிமை உண்டு என்றார். முன்னோக்கிப் பார்க்கும் நீதிபதிகள் வேண்டும் என்பது அரசு தரப்பின் பேச்சாக இருந்தது. இதற்கு முன்னாள் தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா சொன்ன பதில் புகழ் பெற்றது. இப்படிப் போனால் முன்னோக்கிப் பார்க்கும் நீதிபதிகள் வரமாட்டார்கள், தலைமைப் பதவியை எதிர்நோக்கிக் காத்திருக்கும் நீதிபதிகள்தான் வருவார்கள் என்றார்.

குமாரமங்கலம் இன்னொரு ஆயுதமும் வைத்திருந்தார். 1958-ல் வெளியான சட்டக் கமிஷனின் 14-வது அறிக்கை, சீனியாரிட்டியை மட்டும் வைத்துத் தலைமை நீதிபதியை நியமிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கமிஷனின் தலைவர் செதல்வாட், உறுப்பினர்களில் ஒருவர் சாக்ளா. அவர்கள் எழுதியதே அவர்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டது!

அந்த வாதம் நிற்குமா? அறிக்கை பேசியது திறமையையும் நிர்வாக ஆற்றலையும் பற்றி. இந்த நீதிபதி யார் பக்கம் தீர்ப்பு எழுதுவார் என்று பார்க்கச் சொல்லவில்லை. மேலும் 15 ஆண்டுகள் அந்த அறிக்கையை அரசு கண்டுகொள்ளாமல் சீனியாரிட்டிப்படியே போனது. கேசவானந்தா தீர்ப்புக்கு மறுநாள்தான் அது நினைவுக்கு வந்தது. மூன்று பேருக்கும் திறமை போதாது என்று அரசே வெளிப்படையாகச் சொல்லவில்லை.

விவாதத்தின் சூடு ஆறுவதற்குள், 1973 மே 31 அன்று, சென்னையிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கும் நேரத்தில் விழுந்து நொறுங்கியது. குமாரமங்கலம் அதில் இறந்துபோனார். தன் வாதத்தின் பின்விளைவுகளை அவர் பார்க்கவில்லை.

எதிர்ப்பு ஜெயித்ததா?

அப்போது இல்லை. ராய் பதவியில் இருந்தார். டெல்லி உயர் நீதிமன்றத்தில் நியமனத்தை எதிர்த்துப் போட்ட வழக்கும் தள்ளுபடியானது. நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: மூன்று சீனியர்களும் ராஜினாமா செய்துவிட்டார்கள், எனவே இப்போது ராய்தான் சீனியர், அவரை நீக்கினாலும் மறுபடி அவரையே நியமிக்கலாம்! மானத்தோடு விலகியவர்கள் தாங்களே வழியைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இது வழக்கறிஞர்கள், பத்திரிகைகள், படித்த நடுத்தர வர்க்கம் இவர்களின் எதிர்ப்பு. வயல்வேலை செய்தவருக்கு டெல்லியில் எந்த நீதிபதி எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன? அரசும் அதைத்தான் சொன்னது, இது பணக்கார வக்கீல்களின் கூச்சல் என்று.

ஆனால் இரண்டே ஆண்டில் அந்த நாற்காலி எல்லோருடைய வாசலுக்கும் வந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை. நவம்பரில் ராய், கேசவானந்தா தீர்ப்பை மறுஆய்வு செய்ய 13 நீதிபதிகளைக் கூட்டினார். பல்கிவாலாவின் வாதத்துக்குப் பிறகு, மறுஆய்வு கேட்டது யார் என்பதற்கே சரியான பதில் இல்லாமல், அந்த பெஞ்சை அவரே கலைத்துவிட்டார். 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பு வந்தது. நெருக்கடி நிலையில் ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தால், ஏன் என்று கேட்டு ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ராய் உட்பட நான்கு பேர் சொன்னார்கள். முடியும் என்று ஒருவர் மட்டும் சொன்னார். அவர் பெயர் எச்.ஆர்.கன்னா.

1977 ஜனவரியில் ராய் ஓய்வு பெற்றார். அடுத்த சீனியர் கன்னா. அவருக்குச் சில மாதப் பணிதான் மிச்சம் இருந்தது. அதையும் கொடுக்காமல் எம்.எச்.பெய்க்கை நியமித்தார்கள். கன்னாவும் ராஜினாமா செய்தார். முதல் தடவை மூன்று பேரைத் தாண்டியபோது "சமூகப் பார்வை" என்று ஒரு காரணமாவது சொன்னார்கள். இரண்டாவது தடவை தாண்டப்பட்டவரோ, மனிதனைக் காரணமில்லாமல் சிறையில் வைக்கக் கூடாது என்று சொன்னவர். இதில் எந்த ஏழைக்கு என்ன லாபம்?

அந்த மார்ச் தேர்தலில் இந்திரா தோற்றார். 1973-ல் ஒதுக்கப்பட்ட கே.எஸ்.ஹெக்டே, ஜனதா கட்சி சார்பில் பெங்களூர் தெற்கில் ஜெயித்து, அதே ஆண்டு மக்களவை சபாநாயகர் ஆனார்.

உண்மையான பரீட்சை

கதை இங்கே முடிந்திருந்தால் "நல்லவர்கள் ஜெயித்தார்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 1978 பிப்ரவரியில் பெய்க் ஓய்வு பெறும் நேரம் வந்தது. அடுத்த சீனியர் ஒய்.வி.சந்திரசூட். ஜபல்பூர் வழக்கில் அந்த நான்கு பேரில் ஒருவர்! அவருக்குத் தலைமைப் பதவி கொடுக்கக் கூடாது என்று பம்பாயிலிருந்து வழக்கறிஞர்களும் பிரமுகர்களும் கையெழுத்திட்டு ஒரு மனு கிளம்பியது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு முன் "தீர்ப்பைப் பார்த்துத் தலைமை நீதிபதியை நியமிக்காதே" என்பதுதான் முழக்கம். இப்போது "தீர்ப்பைப் பார், இவரை நியமிக்காதே" என்று ஒரு குரல். கோபம் நியாயமானதுதான். சிறையில் இருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜனதா அரசு அந்தக் கோபத்துக்கு வளைந்திருந்தால், அடுத்து வரும் ஒவ்வொரு அரசும் தனக்குப் பிடிக்காத தீர்ப்பைக் காட்டி அதையே செய்திருக்கும்.

சந்திரசூட்டையே நியமித்தார்கள். 1985 வரை, ஏழு ஆண்டுக்கு மேல் அவர் தலைமை நீதிபதியாக இருந்தார். அவ்வளவு நீண்ட காலம் வேறு யாரும் இருந்ததில்லை. 2017-ல் ஜபல்பூர் தீர்ப்பைத் தவறு என்று உச்ச நீதிமன்றம் எழுதி ரத்து செய்தபோது, அதை எழுதிய பேனாக்களில் ஒன்று அவர் மகன் டி.ஒய்.சந்திரசூட்டுடையது.

என் கருத்து இதுதான். 1973-ல் எதிர்த்தவர்கள் ஷெலத்துக்காகவோ குரோவருக்காகவோ எதிர்த்திருந்தால் அது வெறும் ஆள் பிடித்த சண்டை. அவர்கள் காப்பாற்ற நினைத்தது ஒரு வழக்கத்தை. நமக்குப் பிடித்தவர் பாதிக்கப்படும்போது வழக்கத்துக்காகக் கொடி பிடிப்பது சுலபம். பிடிக்காதவருக்கு அதே வழக்கம் லாபமாக அமையும்போதும் விட்டுக்கொடுக்காமல் இருக்கிறோமா என்பதுதான் பரீட்சை. 1978-ல் அந்தப் பரீட்சையில் நாடு தேறியது. 1977-க்குப் பிறகு எந்த அரசும் சீனியரைத் தாண்டித் தலைமை நீதிபதியை நியமிக்கவில்லை. தோற்றுப்போன 1973 போராட்டம் விட்டுப்போன சொத்து அது.

சீனியாரிட்டி ஒன்றும் அருமையான முறை இல்லை. 1991-ல் கே.என்.சிங் மூன்று வாரம்கூட அந்தப் பதவியில் இல்லை. 2022-ல் யு.யு.லலித்துக்குக் கிடைத்தது 74 நாள். இதற்குள் ஒருவர் என்ன நிர்வாகம் செய்ய முடியும்? 14-வது அறிக்கை கேட்ட கேள்வி இன்னும் செத்துப்போகவில்லை. ஆனால் திறமையை அளப்பது யார், எந்த அளவுகோலால், யாருக்குத் தெரியும்படி என்பதற்கு நம்பும்படி ஒரு பதில் கிடைக்கும்வரை, பிறந்த தேதியையும் சேர்ந்த தேதியையும் பார்க்கும் இந்த மந்தமான முறைதான் பாதுகாப்பு. காலண்டரை மிரட்டவும் முடியாது, அதற்கு ஆசை காட்டவும் முடியாது.

அடுத்த முறை அந்த ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால், கன்னாவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், நண்பர்களே.