பெயர் மறைத்த புகழுரை

1855ஆம் ஆண்டு வால்ட் விட்மன் தமது 'புல்லின் இதழ்கள்' கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். அதை வியந்து பாராட்டும் மதிப்புரைகள் சில அமெரிக்க இதழ்களில் பெயரின்றி வெளிவந்தன. அவற்றுள் மூன்றை எழுதியவர் விட்மனேதான். அக்கவிதைகளின் உயர்வில் இன்று யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் அந்த மதிப்புரைகளை நடுநிலையாளர் ஒருவரின் தீர்ப்பாக எண்ணிப் படித்த வாசகர் ஏமாற்றப்பட்டார் என்பதை மறுக்கவியலாது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து இச்சிக்கல் விக்கிப்பீடியாவில் பேருருவம் கொண்டது.

2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். கட்டுரைக்குப் பொருளானவரும் அந்த 'எவரும்' என்பதில் அடங்கிவிடுகிறார். சொந்த நலனும் ஏற்றுக்கொண்ட பொறுப்பும் ஒன்றோடொன்று மோதும் இந்நிலையையே நலமுரண் என்கிறோம். நிறுவனரே இதற்கு விலக்காக இருக்கவில்லை. வேல்ஸ் தம்மைப் பற்றிய கட்டுரையில் தாமே கைவைத்து, சாங்கரை இணை நிறுவனராகக் குறிக்கும் சொற்களை நீக்கியது 2005 டிசம்பரில் வெளியாயிற்று. அவ்வாறு செய்திருக்கக் கூடாது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

தனிமனிதரின் ஆசையைக் காட்டிலும் நிறுவனங்களின் தேவை பெரிது என்பதை 2007 ஆகஸ்ட் மாதம் உணர்த்தியது. வர்ஜில் கிரிஃபித் என்னும் ஆய்வு மாணவர் 'விக்கிஸ்கேனர்' என்ற கருவியை அப்போது வெளியிட்டார். கணக்கில்லாமல் திருத்துவோரின் இணைய முகவரியை விக்கிப்பீடியா அந்நாளில் திருத்த வரலாற்றில் பதிந்து வைத்தது. எந்த முகவரி எந்த நிறுவனத்தின் வலையமைப்புக்கு உரியது என்பதும் பொதுப் பதிவேடுகளில் கிடைத்தது. கிரிஃபித் இவ்விரண்டையும் பொருத்திக் காட்டினார், அவ்வளவே. வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரித்த டீபோல்ட் நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து, அவ்வியந்திரங்களின் பாதுகாப்பைக் குறைகூறிய பத்திகள் 2005 நவம்பரில் நீக்கப்பட்டிருந்தது இவ்வாறே அம்பலமானது. தொண்டர்கள் அப்பத்திகளை விரைவிலேயே மீட்டிருந்தனர். எனினும், மறைக்க முயன்றது வாக்காளர் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நமக்கு இன்னும் அருகில் நிகழ்ந்த ஒன்று உண்டு. ஐ.ஐ.பி.எம். என்னும் மேலாண்மைக் கல்வி நிறுவனம் எம்.பி.ஏ., பி.பி.ஏ. என்ற பெயர்களைப் பயன்படுத்தக் கூடாதெனத் தில்லி உயர் நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்நிறுவனத்துக்குச் சாதகமாகப் பல ஆண்டுகள் தொகுத்துவந்த ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகியாகவே இருந்தார். அங்குள்ள நடுவர் குழு 2015 பிப்ரவரியில் அவரைத் தடை செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கட்டுரையை நம்பிக் கட்டணம் செலுத்திய மாணவர்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு எந்த நடுவர் குழு ஈடு செய்யும்?

அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் வெளிப்பட்ட 'ஆரஞ்ச்மூடி' விவகாரத்தில் 381 கணக்குகள் முடக்கப்பட்டன, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. இக்கும்பலின் வழிமுறை கேட்டவரைத் திகைக்க வைத்தது. சிறு வணிகர்களும் கலைஞர்களும் தங்களைப் பற்றி எழுதி அனுப்பி, ஏற்கப்படாமல் போன வரைவுகளை அவர்கள் தேடி எடுத்தனர். அனுபவமுள்ள தொகுப்பாளர்களாகத் தம்மைக் காட்டிக்கொண்டு, பணம் தந்தால் கட்டுரை வரும் என்றனர். வந்தபின் அதைக் 'காப்பாற்ற' மாதந்தோறும் தொகை கேட்டனர். இலவசமாகக் கட்டப்பட்ட சத்திரத்தின் வாசலில் நின்று வாடகை வசூலித்த கதை இது.

இதற்கு முந்தைய ஆண்டே விக்கிமீடியா நிறுவனம் தன் பயன்பாட்டு விதிகளைத் திருத்தியிருந்தது. ஊதியம் பெற்று எழுதுவோர், தம்மை அமர்த்தியவர் யார், யாருக்காக எழுதுகிறோம் என்பவற்றை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்பது 2014 ஜூனில் வந்த அத்திருத்தம். கூலிக்கு எழுதுவதை அது முற்றாக விலக்கவில்லை. மறைத்து எழுதுவதையே விலக்கியது. இது பலவீனமான சமரசம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

நன்னூலார் தற்புகழ்ச்சியைத் தகாது என விலக்கி, சிறப்புப்பாயிரம் பாடும் உரிமையை ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருக்கு அளிக்கிறார். இவர்களுள் பற்றில்லாதவர் யார்? மாணவன் ஆசிரியரைப் புகழத்தான் செய்வான். ஆனால் பாடியவர் யார், நூலாசிரியருக்கு என்ன உறவு என்பது தெரிந்தால், கேட்பவர் அப்புகழ்ச்சியை அதற்குரிய எடையில் நிறுத்துக்கொள்கிறார். பற்று குற்றமன்று, அதை ஒளிப்பதே குற்றம் என்ற இந்நெறியைத்தான் விக்கிப்பீடியா பதின்மூன்று ஆண்டுகள் பட்டறிந்து விதியாக்கியது.

விதி மட்டும் போதாது என்பதை 2015ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகளும் காட்டின. இரண்டையும் பிடித்தவர்கள் ஊதியமின்றி உழைத்த தொண்டர்களே. அவர்களுக்குத் துணைநின்றது ஒவ்வொரு கட்டுரையின் பின்னாலும் அழியாமல் இருக்கும் திருத்த வரலாறு. விட்மனின் வாசகருக்கு அவ்வசதி இல்லை. நமக்கு உண்டு. ஒரு நிறுவனத்தையோ எழுத்தாளரையோ பற்றிய கட்டுரை மிக இனிமையாகத் தோன்றும்போது, அந்த வரலாற்றையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.