ரஸ்ஸலும் சேம்பர்லினும்

ஹாஸ்டலுக்குப் பின்னால் உள்ள பேஸ்கட்பால் கோர்ட்டை நண்பர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டம் முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்தால் ஒரே சண்டைதான்: கோபே பிரையன்ட்டா, லெப்ரான் ஜேம்ஸா? ஒரு சீனியர் மட்டும், "போங்கடா, முதல்ல ரஸ்ஸல், சேம்பர்லின் கதையைப் படிச்சிட்டு வாங்க" என்பார். நான் படித்தது வேலைக்குப் போன பிறகுதான்.

வில்ட் சேம்பர்லின் 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100! ஆனால் அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் என்று சக வீரர்கள் ஓட்டுப் போட்டது பில் ரஸ்ஸலுக்கு. ரஸ்ஸல் 13 சீசனில் 11 சாம்பியன்ஷிப். சேம்பர்லின் 14 சீசனில் இரண்டே இரண்டு. அவ்வளவுதான், முத்திரை குத்தியாச்சு: ஒருவர் ஜெயிக்கிறவர், இன்னொருவர் தன் ஸ்கோருக்காக ஆடுகிறவர்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் கதை வேறே. ரஸ்ஸல் 1956-இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு வந்தபோது பாப் கூசி, பில் ஷார்மன் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பிறகு சாம் ஜோன்ஸ், ஹாவ்லிசெக். கடைசிவரை ஒரே கிளப். 1966 வரை ஒரே கோச், ரெட் அவர்பேக். அப்புறம் ரஸ்ஸலே கோச்! சேம்பர்லினோ பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, மறுபடி பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று பெட்டி தூக்கிக்கொண்டே இருந்தார். கோச்சுகளும் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

1962, 1965, 1968, 1969 ஆகிய நான்கு வருஷமும் சேம்பர்லின் அணி ரஸ்ஸல் அணியிடம் ஏழாவது, கடைசி ஆட்டத்தில் தோற்றது. வித்தியாசம் 2, 1, 4, 2. கூட்டினால் ஒன்பதே புள்ளி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1966-67-இல் அலெக்ஸ் ஹன்னம் கோச்சாக இருந்த பிலடெல்பியாவில் சேம்பர்லின் ஷாட்டைக் குறைத்து பாஸைக் கூட்டினார். சராசரி 24.1-க்கு இறங்கியது, அணி 68 வெற்றி, 13 தோல்வி. பாஸ்டனை 4-1 என்று தோற்கடித்துக் கோப்பையும் வாங்கியது. ஆள் அதே ஆள்தான்!

ரஸ்ஸலைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய பெரிய வேலையே ஷாட்டுகளைத் தடுப்பது. அந்த பிளாக் கணக்கை லீக் எழுத ஆரம்பித்ததே 1973-74-இல். அவர் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அந்த 11 கோப்பை இல்லாவிட்டால் அவர் செய்ததற்கு ரிகார்டில் சாட்சி ஏது?

நம் ஜிம்னாசியத்துப் பலகையில் கோப்பை வென்ற வருஷத்து டீம் பெயர்கள் மட்டும்தான் உண்டு. எங்கள் பேட்ச் சென்டர் நான்கு வருஷம் ஆடினான். ஒரு செமிஃபைனலில் ஒரு புள்ளியில் போச்சு. பலகையில் அவன் பெயர் இல்லை. ரீயூனியனுக்கு வருகிறானாம். ஜூனியர் தம்பிகள் அவனை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். முட்டி வலி என்பான், நம்பாதீர்கள்.