பதிலுக்கு இடம் விட்ட குரல்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்குத் தந்த இசைவடிவங்களுள் சோல் இசையின் பொற்காலம் மிகக் குறுகியது. 1950களின் நடுவில் உருப்பெற்று, 1960களில் உச்சம் தொட்டு, 1970களின் பிற்பாதியில் வேறு வடிவங்களுக்கு வழிவிட்டது. அது செழித்திருந்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள்தாம். ஆயினும் ஓட்டிஸ் ரெடிங், அரீதா ஃப்ராங்க்ளின், சாம் குக், மார்வின் கே ஆகியோரின் பதிவுகள் இன்றும் புதிய காதுகளைத் தேடிச் சென்றுகொண்டே இருக்கின்றன.

பழைய நினைவுகளின் ஈர்ப்பு என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது. ஆனால் அது போதாது. வட இங்கிலாந்தின் விகன் நகரில் 1973 முதல் 1981 வரை நடந்த இரவுக் கூடல்களில், தொழிலாளர் வீட்டு இளைஞர்கள் விடிய விடிய ஆடினார்கள். அவர்கள் ஆடியது அமெரிக்காவில் பல ஆண்டுகளுக்கு முன்பே விலைபோகாமல் ஒதுங்கிய சோல் இசைத்தட்டுகளுக்கு. அந்தப் பாடல்களோடு அவர்களுக்கு ஊர் உறவோ இளமைக்கால நினைவோ கிடையாது. ஆகவே காரணத்தை இசைக்குள்ளேயே தேட வேண்டும். என் துணிபு இது: சோல் இசை கேட்பவரை வெளியே நிறுத்துவதில்லை. ஒரு குரல் அழைக்கிறது, மற்றொன்று பதில் சொல்கிறது. பதில் சொல்வோர் வரிசையில் கேட்பவருக்கும் இடம் இருக்கிறது. அந்த இசையின் ஆயுள் இந்த அமைப்பில்தான் அடங்கியிருக்கிறது.

தேவாலயத்திலிருந்து வந்த முறை

கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பிரசங்கம் என்பது ஒருவர் பேசப் பலர் கேட்பதோடு முடிவதில்லை. போதகர் ஒரு வாக்கியம் சொன்னதும் சபை குரல் கொடுக்கும். அந்தக் குரலின் வேகம் அடுத்த வாக்கியத்தை உயர்த்தும். இப்படி ஏறி ஏறிப் பேச்சே பாட்டாகிவிடும். டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சி. எல். ஃப்ராங்க்ளின் ஆற்றிய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாகவே விற்றன. அவர் மகள் அரீதா பாடக் கற்றது அந்தச் சபையின் முன்தான்.

1954இல் ரே சார்ல்ஸ் ஒரு பக்திப்பாட்டின் மெட்டை எடுத்து, அதில் ஒரு பெண்ணின் மீதான காதலை வைத்து 'ஐ காட் எ உமன்' பாடலை உருவாக்கினார். இறைவனுக்குரியதைக் கேளிக்கைக்குக் கொண்டுபோய்விட்டார் என்று பக்தர்கள் பலர் கொதித்தனர். 'சோல் ஸ்டிரரர்ஸ்' என்ற பக்திப்பாடல் குழுவில் புகழின் உச்சியில் இருந்த சாம் குக், 1957இல் காதல் பாடல்களுக்கு மாறியபோதும் இதே எதிர்ப்பு எழுந்தது. உண்மையில் எல்லை தாண்டி வந்தது மெட்டு மட்டுமன்று, சபையும் கூடவே வந்தது. 1959இல் வெளிவந்த ரே சார்ல்ஸின் 'வாட்ட் ஐ ஸே' பாடலின் பிற்பகுதியைக் கேளுங்கள். சொற்கள் தீர்ந்துபோன பின்னும் அவர் குரலுக்குப் பெண்குரல்கள் ஈடு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு பழைய திரையரங்கு

இந்த அமைப்பு ஒலிப்பதிவுக் கூடத்தில் எப்படி வேலை செய்தது என்பதை அறிய மெம்ஃபிஸ் நகரின் 'ஸ்டாக்ஸ்' நிறுவனத்தைவிட நல்ல சான்று இல்லை. வங்கி ஊழியரும் ஃபிடில் கலைஞருமான ஜிம் ஸ்டூவர்ட் அதைத் தொடங்கினார். அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கிக் கொடுத்தார். 1960இல் மெக்லமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேபிடல் திரையரங்கை வாடகைக்குப் பிடித்தனர். இருக்கைகளைப் பெயர்த்தெடுத்தாலும் தரையின் சரிவு அப்படியே இருந்தது. தின்பண்டம் விற்ற முகப்பு இசைத்தட்டுக் கடையானது. அக்கம்பக்கத்துக் கறுப்பினப் பிள்ளைகள் அங்கே எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதை எஸ்டெல் கவனித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளைகளுள் சிலர் உள்ளே வந்து கலைஞர்களும் ஆனார்கள்.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண முடியாத நகரம் அது. அங்கே இந்தக் கூடத்தின் நிலையக் குழுவான 'புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ்' என்பதில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். எல்லாரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, ஒரே நேரத்தில் வாசித்தனர். பாடகரும் அதே அறையில் நின்றே பாடினார். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஒருவரை ஒருவர் கேட்பது அவர்களுக்குத் தொழில் கட்டாயம்.

பக்கக்குரல் பாடகர்கள் ஸ்டாக்ஸில் அரிது. அவர்களின் இடத்தை எக்காளமும் சாக்ஸஃபோனும் பிடித்துக்கொண்டன. 1962இல் வேறொரு கலைஞருக்குக் காரோட்டி வந்து, மிஞ்சிய நேரத்தில் பாட வாய்ப்புப் பெற்றவர் ஓட்டிஸ் ரெடிங். ஊதுகருவிகள் என்ன வாசிக்க வேண்டும் என்பதை அவர் காகிதத்தில் எழுதித் தந்ததில்லை. கலைஞர்களின் எதிரே நின்று வாயால் முழங்கிக் காட்டுவார், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஊதுவார்கள். அவர் பாடல்களில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஊதுகருவிகள் பாய்ந்து வருவதைக் கேட்டால், போதகருக்குச் சபை குரல் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும்.

தாளத்தில் ஒரு தாமதம்

1965 மே மாதத்தில் வில்சன் பிக்கெட் 'இன் தி மிட்நைட் அவர்' பாடலைப் பதிவு செய்ய அங்கு வந்தார். நியூயார்க்கிலிருந்து உடன் வந்த தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லருக்குத் தாளத்தின் நடை நிறைவு தரவில்லை. கட்டுப்பாட்டு அறையைவிட்டு வெளியே வந்து, அந்நாளில் இளைஞர்கள் எப்படி ஆடினார்கள் என்பதைத் தாமே ஆடிக் காட்டினார். உடல் அழுந்துவது இரண்டாம் அடியில் என்பது அவர் சொல்ல வந்தது. டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பரும் அதைப் புரிந்துகொண்டு, இரண்டாம், நான்காம் அடிகளை இம்மியளவு பிந்தி, இருவரும் சேர்ந்தே விழும்படி வாசித்தனர்.

அந்த மிகச் சிறு தாமதம் ஸ்டாக்ஸின் கையெழுத்தாகிவிட்டது. அடி விழப்போகிறது என்று காது எதிர்பார்க்கிறது, அது சற்றே தள்ளி விழுகிறது. அந்த இடைவெளியை நம் தலையாட்டலோ கால்தட்டலோ நிரப்புகிறது. கேட்பவர் பங்கேற்காமல் அந்தத் தாளம் முழுமை பெறுவதே இல்லை.

ஒரு பாட்டு, இரண்டு உரிமைக் குரல்கள்

ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஆண் தன் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. 1967 பிப்ரவரியில் அரீதா அதை நியூயார்க்கில் பதிவு செய்தார். அவர் வாயில் மரியாதை கேட்பவர் பெண்ணாகிவிட்டார். மூலத்தில் இல்லாத ஒரு பகுதியை அவர் சேர்த்தார்: தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லி நிறுத்தும் இடம் அது. பின்னணியில் தங்கை கேரலினும் அக்கா எர்மாவும் விடாமல் பதில் கொடுக்கிறார்கள். ஓட்டிஸின் பதிவில் ஊதுகருவிகள் செய்த வேலையை இங்கே சகோதரிகளின் குரல்கள் செய்கின்றன. மன்றாட்டாக இருந்தது பல பெண்கள் சேர்ந்து வைக்கும் கோரிக்கையாக மாறியது. அவ்வாண்டு கோடையில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த அந்தப் பாட்டைக் குடிசார் உரிமை இயக்கமும் பெண்ணுரிமை இயக்கமும் தம்முடையதாக எடுத்துக்கொண்டன. பதிலுக்கு இடம் விட்டிருந்ததால்தான் இத்தனை பேரால் அதற்குள் நுழைய முடிந்தது.

இழப்பும் தொடர்ச்சியும்

1967 டிசம்பர் 10 அன்று, விஸ்கான்சின் மாநிலத்தின் மோனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓட்டிஸ் இறந்தார். வயது 26. அதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் பதிவு செய்திருந்த 'டாக் ஆஃப் தி பே' மறு ஆண்டில் முதலிடம் பெற்றது. 1968 ஏப்ரல் 4 அன்று, ஸ்டாக்ஸ் கலைஞர்கள் நிறபேதமின்றிக் கூடிப் பாட்டு எழுதிய அதே லொரெய்ன் மோட்டலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே, விநியோக ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு காரணமாகத் தன் பழைய பதிவுகளின் உரிமை தன்னிடம் இல்லை என்பதை ஸ்டாக்ஸ் அறிந்தது. 1975இல் நிறுவனம் திவாலானது. 1989இல் கட்டடமும் இடிக்கப்பட்டது.

ஆனால் 2003இல் அதே மனையில் அருங்காட்சியகம் எழுந்தது. மிசிசிப்பிக் கிராமம் ஒன்றின் பழைய தேவாலயத்தை அதனுள்ளே நிறுவியிருக்கிறார்கள். இந்த இசையின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே நியாயம். பக்கத்திலேயே உள்ள இசைப்பள்ளியில் அந்தப் பகுதிப் பிள்ளைகள் குழுவாக வாசிக்கக் கற்கிறார்கள்.

இன்று ஒலிப்பதிவில் ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரில் வாசித்ததை ஒட்டிப் பாட்டாக்க முடியும். அதில் பிசகில்லாத நேர்த்தி கிடைக்கலாம். ஒருவர் எதிரே ஒருவர் நின்று, இன்னொருவர் குரலுக்காகக் காத்திருந்து வாசித்தவர்கள் உண்டாக்கிய நெருக்கம் வேறு. அதைக் கருவியால் பின்னர் சேர்க்க முடியாது. இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் இசையன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: 'ரெஸ்பெக்ட்' பாடலின் இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதன்மைக் குரலை விட்டுவிட்டு, அதற்குப் பதில் சொல்பவர்களை மட்டும் ஒருமுறை பின்தொடருங்கள். இந்த இசை ஏன் மூப்படையவில்லை என்பதற்கான விளக்கம் அங்கேயே கிடைக்கும்.