கிண்டியில் பின்னிய மூவிழை

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய ஆட்டுத்தோலுக்கும், நம் குதிகாலை இழுத்துப் பிடிக்கும் தசைநாணுக்கும், எலும்புக்கும், கண்ணின் கார்னியாவுக்கும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான். கொலாஜன் என்னும் புரதம். பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இதுவே இருக்கிறது. மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தோல் பதனிட்டார்கள். எலும்பைக் காய்ச்சித் தச்சர்களுக்கு வச்சிரம் எடுத்தார்கள். ஆட்டுக் குடலைத் திரித்துக் காயம் தைத்தார்கள். அந்தச் சரக்குக்குள் அணுக்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது மட்டும் 1950கள் வரை பிடிபடவில்லை. லீட்ஸில் அஸ்ட்பரி முயன்றார். கலிபோர்னியாவில் லைனஸ் பாலிங் 1951இல் ஒரு வடிவத்தை முன்வைத்தார், அது நிற்கவில்லை. சரியான வடிவத்தின் முதல் வரைபடம் சென்னை கிண்டியிலிருந்து வந்தது.

அதைத் தந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். பெயரின் முதலெழுத்தில் இருப்பது கோபாலசமுத்திரம், நெல்லைச் சீமை. பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8 அன்று. தந்தை நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணிதம் வீட்டிலேயே கிடைத்தது. இயற்பியலைத் திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்தார். 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்த பையனைச் சர் சி.வி. ராமன் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். உங்கள் துறைக்கு இவன் சற்று அதிகமான புத்திசாலி என்று மின்பொறியியல் துறைத் தலைவரிடம் ராமன் சொல்லிவிட்டதாக இன்றும் அங்கே கதை உண்டு. பிறகு கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகம், அங்கே ஒரு முனைவர் பட்டம், 1949இல் மீண்டும் பெங்களூர்.

சென்னைக்கு அவரை வரவழைத்தவரைப் பற்றி நம் அறிவியல் வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். பேர்பெற்ற மகப்பேறு மருத்துவர். 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கிண்டியில் புதிதாகத் தொடங்கிய இயற்பியல் துறைக்குத் தலைவராக வரும்படி அவர் முதலில் ராமனைக் கேட்டார். ராமன் தம் மாணவரைக் கைகாட்டினார். 1952இல், முப்பது வயதுகூட நிறையாத ஒருவர் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். எதை ஆராய வேண்டும் என்று துணைவேந்தர் கட்டளையிடவில்லை. எக்ஸ் கதிர்க் கருவிகள் வாங்கவும் ஆள் சேர்க்கவும் வழிசெய்து கொடுத்துவிட்டு விலகி நின்றார். பின்னால் நடந்தது அத்தனைக்கும் இந்த ஒரு முடிவே முதல் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அதே ஆண்டில் லண்டனிலிருந்து படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜனுக்கு இதுவரை சொல்லப்பட்ட வடிவங்கள் எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் அவர் குறிப்பிட்டது ராமச்சந்திரனுக்குள் விதையாக விழுந்தது. கொலாஜனுக்கு அவர் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. தோலைப் பற்றித் தெரிந்தவர்கள் கொலாஜனைப் பற்றியும் தெரிந்தவர்கள். சுறாத் துடுப்பிலிருந்து எடுத்த கொலாஜனில் முதல் படங்கள் எடுத்தார்கள். பிறகு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. அதில் கொலாஜன் இழைகள் நேராகவும் சுத்தமாகவும் இருப்பதால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழும். படம் எடுப்பதிலும் கணக்கிடுவதிலும் ராமச்சந்திரனுக்குத் துணை நின்றவர் கோபிநாத் கர்த்தா.

ஓர் இழையின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் பின்னால் வைத்த படச்சுருளில் புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே விழும், அணுக்கள் தெரியாது. அந்தப் புள்ளிகளைப் பார்த்து, இப்படி அடுக்கினால் இப்படித்தான் சிதறும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ராமச்சந்திரனிடம் வேறொரு துப்பும் இருந்தது. கொலாஜனைக் கரைத்துப் பிரித்த வேதியியலர்கள், அதிலுள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின் என்று சொல்லியிருந்தார்கள். கிளைசின்தான் இருப்பதிலேயே சின்னது. மற்றவற்றுக்கு ஒரு பக்கக் கிளை உண்டு, இதற்கு வெறும் ஹைட்ரஜன் அணு. ஒரு புரதம் ஏன் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கிளைசினை வைத்திருக்க வேண்டும்? அமினோ அமிலங்கள் கோத்த மூன்று சங்கிலிகள் சேர்ந்து ஒன்றாக ஓடுகின்றன, ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது அமிலம் நடு அச்சை நோக்கித் திரும்பி நிற்கிறது, அந்த நெருக்கடியான நடுவில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. இதுதான் அவர் கண்ட விடை. 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது. எக்ஸ் கதிர்ப் படத்தோடு முழுமையாகப் பொருந்த, அந்த மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, தாய்மார்கள் பெண்பிள்ளைகளுக்குப் பின்னும் மூன்று கால் சடை போல முறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த முறுக்கைச் சேர்த்து 1955 செப்டம்பரில் இரண்டாவது கட்டுரை எழுதினார்கள்.

அடுத்த சில வாரங்களிலேயே, நவம்பரில், அதே 'நேச்சர்' இதழில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் எழுதினார்கள். டி.என்.ஏ. வடிவம் கண்ட அதே கிரிக்தான். மூவிழை சரி என்றார்கள். ஆனால் சென்னை வடிவத்தில் சில அணுக்கள் நெருங்கக் கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்றும், இழைகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமிலங்களுக்கு இரண்டு அல்ல, ஒன்றுதான் இருக்க முடியும் என்றும் வாதிட்டார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த வார்த்தைக்கு அன்று எவ்வளவு எடை இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் என் மனத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொண்ட கட்டம் இதுதான். ராமச்சந்திரன் சண்டைக்குப் போகவில்லை, ஒதுங்கிவிடவும் இல்லை. 'மிக நெருக்கம்' என்கிறீர்களே, எவ்வளவு நெருக்கம் மிக நெருக்கம்? அதை யாராவது அளந்திருக்கிறார்களா? யாரும் முறையாக அளந்திருக்கவில்லை. எனவே அவரே அளக்கத் தொடங்கினார். அதுவரை வெளியான அமினோ அமிலப் படிகங்கள், சிறு பெப்டைடுகள் எல்லாவற்றின் அணு இடைவெளிகளையும் தேடித் திரட்டினார்கள். இரண்டு கார்பன் அணுக்கள் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே நெருங்குவதில்லை. மிஞ்சிப் போனால் 3.0. இரண்டு ஹைட்ரஜன்கள் 2.0, மிஞ்சினால் 1.9. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எல்லை எழுதினார்கள்.

எல்லை தெரிந்ததும் கேள்வி விரிந்தது. கொலாஜனை விட்டுவிடுவோம், எந்தப் புரதச் சங்கிலியும் எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்க முடியாது? சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பெப்டைடு பிணைப்பு தட்டையாக, அசையாமல் இருக்கும். திரும்பக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டு திருப்பங்களின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். கணினி வசதி இல்லாத அந்தக் காலச் சென்னையில், மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு, ஃபையை ஒரு கோணத்தில் நிறுத்திச் சையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எதோடு மோதுகிறது என்று கணக்கிட்டார்கள். மோதாத நிலைகளை ஒரு சதுரத் தாளில் குறித்தபோது, தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே இருந்தது. கிளைசின் அல்லாத அமிலங்களுக்கு அனுமதிக்கப்பட்ட பரப்பு, எல்லையைத் தளர்த்திப் பார்த்தாலும் கால் பங்கைத் தாண்டவில்லை. கிளைசினுக்கு மட்டும் பாதிக்கு மேல் திறந்துகிடந்தது. இயற்கையில் இருக்கும் அத்தனை புரதங்களும் அந்தச் சில தீவுகளுக்குள்தான் வாழ்ந்தாக வேண்டும்.

ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரின் பெயரில் 1963இல் அது 'ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜி'யில் வந்தது. ஐந்தே பக்கக் கட்டுரை. அப்போது உலகத்தில் அணு அளவில் வடிவம் அறியப்பட்ட புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இனி வரப்போகும் ஆயிரமாயிரம் புரதங்களுக்கும் பொருந்தும் விதியை, அவை வருவதற்கு முன்பே, மோதல் கணக்கிலிருந்து மட்டும் எடுத்துத் தந்தார்கள். இன்று அதன் பெயர் 'ராமச்சந்திரன் வரைபடம்'. கல்லூரி உயிர்வேதியியல் பாடநூல்கள் எதையும் அது இல்லாமல் பார்க்க முடியாது.

அந்தத் துறையின் மற்ற பிள்ளைகளையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். கர்த்தா அமெரிக்காவின் பஃபலோவுக்குச் சென்று, 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் வடிவத்தைத் தம் குழுவோடு கண்டார். புரதச் சங்கிலி சட்டென்று திரும்பும் வளைவுகளை 1968இல் வகைப்படுத்தியவர் அதே கிண்டித் துறையின் சி.எம். வெங்கடாசலம்.

கொலாஜன் வழக்கு எப்படி முடிந்தது? 1994இல் அமெரிக்காவில் கொலாஜன் போன்ற ஒரு சிறு பெப்டைடைப் படிகமாக்கி அணு அணுவாகப் பார்த்தார்கள். முறுக்கிய மூவிழை அங்கே கண்கூடாக இருந்தது. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றுதான். அந்த இடத்தில் கிரிக், ரிச் சொன்னதே சரி. இழைகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் பாலம் போட்டிருப்பதும் தெரிந்தது. இரண்டாவது பிணைப்பு தண்ணீர் வழியாக அமையலாம் என்று ராமச்சந்திரன் 1968இலேயே எழுதியிருந்தார். மூவிழையைக் கண்ட பெருமை கிண்டிக்கு, பிணைப்பைத் திருத்திய பெருமை கேம்பிரிட்ஜுக்கு என்று பிரித்துக் கொடுப்பதே நியாயம்.

இந்த வடிவம் தெரிந்த பிறகு, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போல இருந்த பல சங்கதிகளுக்கு ஒரே இடத்தில் காரணம் கிடைத்தது. வைட்டமின் சி இல்லாவிட்டால் மாலுமிகளுக்கு ஈறு அழுகி, ஆறிய புண் திறந்துகொண்டது ஏன்? கொலாஜனில் உள்ள புரோலினை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்ற வைட்டமின் சி வேண்டும். அது மாறாவிட்டால் உடல் சூட்டிலேயே மூவிழை தளர்ந்துவிடும். சில குழந்தைகளுக்கு எலும்பு தொட்டாலே முறிகிறதே, ஏன்? பெரும்பாலும் கிளைசின் இருக்க வேண்டிய மூன்றாவது இடத்தில் மரபணுப் பிழையால் பெரிய அமிலம் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. எலும்பைக் காய்ச்சினால் ஜெலட்டின் வருவது இழைகள் அவிழ்வதால்தான். பச்சைத்தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சுருங்கிவிடும், குரோம் பதனிட்ட தோல் கொதிநீரிலும் சுருங்காது. குரோமிய அணுக்கள் பக்கத்துப் பக்கத்து இழைகளைக் கட்டிப்போடுவதே காரணம். மருத்துவரின் கேள்விக்கும் ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புக்காரரின் கேள்விக்கும் பதில் ஒரே மூலக்கூறில் இருந்தது.

லட்சுமணசாமி முதலியார் 1969இல் ஓய்வு பெற்றார். ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் கூடவே போனார்கள். சென்னைக்கு அது பெரிய இழப்பு.

1971இல் அவரிடமிருந்து, புரதத்துக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் ஒரு கட்டுரை வந்தது. உடன் எழுதியவர் ஏ.வி. லட்சுமிநாராயணன். ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து எடுத்த நிழற்படங்களை வைத்து அதன் உள்வடிவத்தை மீட்பது எப்படி என்பதே விஷயம். நிழல்களை அப்படியே பின்னோக்கிப் பரப்பினால் படம் கலங்கிப்போகும். ஃபூரியே முறையில் தெளிவாக்கலாம். அன்றைய கணினிகளுக்கு அது பெரும் சுமை. ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு குறிப்பிட்ட சார்பால் வடிகட்டிக் கூர்மையாக்கிவிட்டுப் பிறகு பரப்பினால் போதும், கணக்கும் குறையும், படமும் தெளியும் என்று இருவரும் காட்டினார்கள். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இல் இதே வழியைக் கண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எக்ஸ் கதிர்ப் புள்ளிகளிலிருந்து படிகத்தை மீட்கும் கணிதத்தில் இருபது ஆண்டுகள் ஊறியவருக்கு, நிழலிலிருந்து மூளையை மீட்கும் கணிதம் அந்நியமாக இருக்கவில்லை.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், சி.டி.யின் கணிதத்தைத் தனியே வகுத்த கார்மாக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவரின் வடிகட்டிக்கு 'ராம்–லாக்' என்று பெயர், சி.டி. பட மீட்பைக் கற்கும் எந்தப் பொறியாளரும் முதலில் படிப்பது அதைத்தான்.

ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1999இல் படிகவியலின் உயரிய எவால்ட் பரிசு வந்தது. பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் வாட்டிய கடைசிக் காலத்தில் அவர் மீண்டும் சென்னையில்தான் இருந்தார். 2001 ஏப்ரல் 7 அன்று காலமானார்.

உங்கள் வீட்டில் அறிவியல் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒன்று செய்யுங்கள். உலகப் புரதத் தரவு வங்கியை யாரும் காசில்லாமல் இணையத்தில் திறந்து பார்க்கலாம். இன்சுலின், ஹீமோகுளோபின், கொரோனா வைரஸின் முள் புரதம் என்று ஏதாவது ஒன்றைத் தேடி, அதனோடு இருக்கும் சரிபார்ப்பு அறிக்கையைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த நாட்டு ஆய்வகம் அனுப்பிய வடிவமாக இருந்தாலும், கிண்டியில் 1963இல் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதிய ஒரு வரி அதில் இருக்கும். அந்த வரியில் ராமச்சந்திரன் பெயர் இருக்கும்.

(தொடரும்)