லாரி மோதி காயமா? ரொக்கம் வாங்கி முடிக்கும் முன் இதைப் படிங்க!

திருச்சி மன்னார்புரத்தில் பைக்கில் போகும்போது லாரி மோதி கால் முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "கேஸ் வேணாம், ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கிறோம்" என்று லாரி தரப்பு பேச வரலாம். அவசரப்பட்டு தலையாட்ட வேண்டாம். லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இழப்பீட்டைப் பெரும்பாலும் தருவது காப்பீட்டு நிறுவனம்தான். எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் அதை வாங்குவது கஷ்டம்.

எங்கே மனு செய்வது?
மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை. புதுக்கோட்டைக்காரர் தன் ஊரிலேயே மனு போடலாம்.

கெடு எவ்வளவு?
விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். கெடு தாண்டியதற்காக மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி தாமதிக்க வேண்டாம்.

என்னென்ன ஆவணங்கள்?
எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், வருமானச் சான்று, ஊனச் சான்றிதழ்.

எவ்வளவு கிடைக்கும்?
மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வலி, எதிர்கால வருமான இழப்பு எல்லாமே கணக்கில் வரும். காயம் ஒன்றுதான் என்றாலும் தொழிலைப் பொறுத்து தொகை மாறும். இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம் ஆகலாம்; அரசு எழுத்தருக்கு அப்படி இருக்காது என்று 2010-ல் ராஜ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

லாரி நிற்காமல் போய்விட்டால்?
வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், மத்திய அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய்தான். அதனால் முடிந்தால் அங்கேயே வண்டி நம்பரை போட்டோ எடுத்துடுங்க.